இரண்டு வாளிச் சத்தம்

ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது பேச்சுப் போட்டியில் எனக்கு முதலாம் இடம் கிடைத்தது. மண்டபம் அதிரப் பேசினேன் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். வீட்டில்தான் நான் பேசுவதைக் கேட்க ஆள் இல்லை. அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போயிருந்தார். அப்பா விடியுமுன் எஞ்சின் போட்டைக் கொண்டு கடலுக்குப் போய், வெயில் ஏறிய பின் வருவார். மீனைக் கொடுத்து, கிழிந்த வலை பொத்தி, சாப்பிட்டுப் படுத்தால் அவருடைய நாள் முடிந்துவிடும். முல்லைத்தீவுக் கரையில் இருந்த அந்த வீட்டில் நானும் கடல் இரைச்சலும்தான்.

பரிசளிப்பு விழாவுக்கு வரச் சொல்லி அப்பாவிடம் சொன்னேன். வலையில் கண் வைத்தபடி “ஓம் பிள்ளை” என்றார். மறந்துவிடுவாரோ என்று மறுநாளும் சொன்னேன். அதற்கும் ஓம்தான். விழாவன்று மேடையில் நின்று கடைசி வரிசை வரை தேடினேன். மற்றவர்களின் அப்பாமார் எல்லோரும் இருந்தார்கள். பரிசுக் கிண்ணத்தோடு வீட்டுக்கு வந்தேன். முற்றத்தில் வலை பொத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, “இது எங்கால பிள்ளை?” என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா தொலைபேசியில் வந்தபோது அழுது தீர்த்தேன்.

“அப்பாவோட கோவிக்காதை. எஞ்சின் சத்தத்தில அவருக்குக் காது மந்தம். கொஞ்சம் உரத்துக் கதை” என்றார். அம்மா எப்போதும் அப்பாவின் கட்சி. எனக்கு ஆதாரம் வேண்டியிருந்தது.

ஆதாரம் புதுக்குடியிருப்பில் ரியூசனுக்குப் போய்க்கொண்டிருந்தது. பெரியம்மாவின் மகன் உயர்தரம் படித்தார். பெருஞ்சத்தத்துக்குள் நீண்ட நேரம் இருப்பவரின் காதுக்குள் எவ்வளவு சக்தி போகும் என்று கணிக்க அப்போதுதான் பழகியிருந்தார். எஞ்சினுக்குப் பக்கத்தில் ஒரு சதுர மீற்றரில் செக்கனுக்கு விழும் சக்தி, சின்னி விரல் நகமளவு செவிப்பறை, அப்பா கடலில் கழித்த காலம் எல்லாவற்றையும் கல்குலேற்றரில் பெருக்கினார். காது இரண்டு என்பதால் கடைசியில் இரண்டாலும் பெருக்கினார்.

“சித்தப்பான்ர ரெண்டு காதுக்குள்ளயும் இருவது வருசமாப் போன சத்தம் முழுக்கச் சேர்த்தாலும், ஒரு வாளித் தண்ணியை இடுப்பளவுக்கு ரெண்டு தரம் தூக்கத்தான் காணும்.”

“அவ்வளவுதானோ அண்ணா?”

“அவ்வளவுதான். கணக்குப் பொய் சொல்லாது.”

கிணற்றடியில் நான் தினமும் அதைவிட அதிகமாகத் தூக்கினேன். என் கை கழன்று விழவில்லை. இரண்டு வாளிக்கு ஒரு மனிதருக்குக் காது போகுமா? பூசைக்கு நடந்துபோகும்போதுகூட நான் ஒரு பக்கத்தில் வந்தால் அவர் மறுபக்கம் மாறிவிடுவது வேறு ஞாபகம் வந்தது. அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கிறது, என்னைக் கேட்கத்தான் விருப்பமில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டேன்.

இருந்தாலும் ஆசை விடவில்லை. ஒரு பின்னேரம் அவர் கடலைப் பார்த்துக்கொண்டு முற்றத்தில் இருந்தார். நானும் ஒரு கதிரையைக் கொண்டுபோய் அவருக்கு இடப்பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

“அப்பா, போட்டியில நான் என்ன பேசினனான் எண்டு சொல்லட்டோ?”

நான் தொடங்கி இரண்டு வசனம்கூட ஆகவில்லை. அப்பா எழும்பினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் கதிரையைத் தூக்கினார். எங்கே போகிறார் என்று பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. ஓடிப்போய்க் குசினிக்குள் அடுப்படியில் இருந்துகொண்டேன். அம்மா போன நாளில்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை.

வளர்ந்து, வேலைக்குப் போன பிறகு, அவரை வவுனியாவுக்குக் காது சோதிக்கக் கூட்டிப்போனேன். “எஞ்சின் எந்தப் பக்கம் ஐயா?” என்று சோதித்தவர் அவருடைய வலப்பக்கம் குனிந்து கேட்டார். அப்பா இடது கையைப் பின்னால் நீட்டிக் காட்டினார். அந்தக் கையால் எஞ்சினைப் பிடித்துக்கொண்டு, காலமெல்லாம் இடது காதை அதற்குக் கொடுத்திருக்கிறார். அது முற்றாகப் போயிருந்தது. வலது காதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அண்ணாவின் பெருக்கலில் பெரிய பிழை இல்லை. காதுக்குள் இருக்கும் மெல்லிய நரம்புகளுக்கு ஒரு வாளிச் சத்தமே தாராளம் என்பதும், அப்பாவின் இரண்டு காதும் ஒன்றல்ல என்பதும்தான் எங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

சின்ன வயதில் கோபித்துக்கொண்டு ஓடிய அந்தப் பின்னேரம், குசினி வாசலால் நான் எட்டிப் பார்த்தேன். அப்பா தன் கதிரையை என் கதிரையின் மற்றப் பக்கத்தில் கொண்டுவந்து போட்டிருந்தார். என் வெறும் கதிரை இப்போது அவருக்கு வலப்பக்கத்தில் இருந்தது. அதன் பக்கம் தலையைச் சரித்துக்கொண்டு, மைமல் இருட்டாகும்வரை அப்படியே இருந்தார். கடல் இரைவதைக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.