இறக்கம் பார்த்து நின்ற வண்டி

முதலில் மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிட்டது, அதுவும் பாதித் தெலுங்கு, பாதித் தமிழ். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள். நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்ல எனக்கு வராது, அதனால்தான் எழுதுகிறேன்.

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இன்னும் முடிவாகாத காலம். புத்தூரில் என் அக்கா வீட்டுக்காரர் ஒரு பழைய காரை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார். நான் அவருக்குத் துணையாள். திருமலை ஏற்றத்தில் வண்டி திணறினால் குதித்து இறங்கிப் பின்சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

திருத்தணி மெட்ராஸோடு போய்விடும் என்று பேச்சு பலமாக இருந்தது. போய்விட்டால் அந்தப் பக்கம் சவாரிக்குத் தனி பர்மிட் கேட்பார்கள், இனி நமக்கு மலைச் சவாரிதான் சோறு என்று மாமா நினைத்தார். எங்கள் வண்டியோ வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்கும். மெட்ராஸில் பழைய சாமான் கடைக்காரர் ஒருவர் ஆசை காட்ட, பெட்ரோல் கூடுதலாகப் பாயட்டும் என்று பெரிய கார்பரேட்டர் வாங்கி மாட்டினார். என்ஜினின் மேல்மூடியையும் கழற்றி, அடிப்பக்கத்தைச் சீவிக்கொண்டு வந்தார். அப்படிச் செய்தால் இழுவை கூடுமாம்.

“வூட்டுக் கூரை ஒழுவுது, வண்டிக்குப் புதுச் சட்டை கேக்குதா?” என்று அக்கா கத்தினாள்.

“உனுக்கு இன்னாடி தெரியும்? இனிமே மலைமேல குதிரை மாதிரி ஏறும் பாரு.”

தரையில் பறக்கத்தான் செய்தது. நகரி ரோட்டில் பஸ்ஸை முந்தியபோது மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். ஏற்றத்தில் அழுத்தினால் மட்டும், தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல உள்ளே ஒரு சத்தம் வரும். புதுச் சாமான் பழகட்டும் என்று விட்டுவிட்டார்.

அப்போதுதான் சத்தியவேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் மூன்று வயதுப் பிள்ளையோடு வந்தார்கள். பையன் விஷக்காய்ச்சலில் கிடந்து பிழைத்தபோது, அவன் முடியை மலைக்கு நேர்ந்திருந்தார்கள். வீட்டில் அந்த மனிதரின் தகப்பனார் படுத்த படுக்கை. பெரியவர் போய்விட்டால் ஒரு வருஷத்துக்கு மலை ஏறக் கூடாது, அது எங்கள் பக்கத்து வழக்கம்.

“நைனாவுக்கு மூச்சு இழுத்துக்கினு கீதுண்ணா. வேகமா போற வண்டி உன்னுதுதான்னு சொன்னாங்கோ” என்றார் அவர். இடையில் ஏதாவது ஆகிவிட்டால் முடி இறக்கிய பிறகே சேதி சொல்லணும் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடம் சொல்லிவைத்துவிட்டு வந்திருந்தார். சேதி காதில் விழும்வரை தீட்டில்லை என்பது அவர்கள் நம்பிக்கை.

மலை ஏறும்போது தூறல் போட்டது. அந்த அம்மாள் குழந்தையின் தலையில் துண்டைச் சுற்றினாள். பாதி வழியில் கூழாங்கல் சத்தம் பெரிதானது. பிறகு டப்பென்று ஒரு வெடிப்பு. பின்னால் வெள்ளைப் புகை, முன்னால் கொதிதண்ணீர். நான் குதித்துக் கட்டை போட்டேன். மாமா பானெட்டைத் திறந்து பார்த்தார். சீவிய மூடிக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் தகடு பிய்ந்து, தண்ணீர் என்ஜினுக்குள்ளேயே இறங்கியிருந்தது.

மேலே போன பஸ்கள் எல்லாம் நிரம்பி வழிந்தன, ஒன்றும் நிற்கவில்லை. வண்டியை உருட்டிக் கீழே கொண்டுபோய் வேறு கார் பிடித்துத் தருகிறேன் என்றார் மாமா. அவரும் நானும் அந்த மனிதரும் சேர்ந்து தள்ளி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்தினோம். நாங்கள் மூச்சு வாங்க நின்றபோது அந்த அம்மாள் மூட்டையை அவிழ்த்து, “எதுனா துன்னுட்டுப் போலாம்ணா, பொறவு உருட்டலாம்” என்று புளிச்சோறு கொடுத்தாள்.

கை கழுவுவதற்குள் இன்னொரு பஸ் ஏறி வந்தது. எங்களைத் தாண்டியதும் யாரோ கத்த, வளைவில் நின்றது. ஒருவர் இறங்கி ஓடி வந்தார். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்தான். கீழே பார்த்து நிற்கும் வண்டியையும், துண்டு சுற்றிய குழந்தைத் தலையையும் பார்த்தார்.

“முட்ச்சிட்டு எறங்கிட்டீங்களா? நல்லதாப் போச்சு” என்றார் மூச்சிரைக்க. “பெரியவரு விடியக்காலமே பூட்டாருப்பா!”

அந்த அம்மாள் மெதுவாகத் துண்டை அவிழ்த்தாள். குழந்தையின் முடி அப்படியே சுருள்சுருளாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தன் வாயிலேயே அடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். “உட்ணா, நீ இன்னா பண்ணுவ, வண்டி வெறும் இரும்புதானே” என்றாள் அந்த அம்மாள். அவள் திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை.

மாமா வண்டிக்குப் பழைய மூடியையும் பழைய கார்பரேட்டரையும் தேடிப் பிடித்து மாட்டினார். வண்டி முன்போல நின்று நின்றுதான் என்றாலும் ஏறியது. வருஷம் கழிந்ததும் அந்தக் குடும்பத்தை இலவசமாக மலைக்குக் கூட்டிப்போக நாங்கள் சத்தியவேட்டுப் பக்கம் போனோம். அந்தப் பையன் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தான். நேர்ந்த முடியை வெட்டக் கூடாதே, அதனால் இரட்டைச் சடை போட்டிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் “டேய் பொம்பள, டேய் பொம்பள” என்று சடையைப் பிடித்து இழுக்க, அவன் அழாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

அந்த அம்மாள் எங்களுக்கு மோர் கொடுத்தாள். “நடந்தே ஏர்றோம்ணா. மன்சுல ஒண்ணும் வெச்சிக்காதே” என்றாள். மாமா மோரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அதற்குப் பிறகு அவர் மலைச் சவாரி எடுக்கவே இல்லை. கொஞ்ச நாளில் வண்டியையும் கொடுத்துவிட்டார்.

இப்போதும் நான் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் யாராவது, இதை மாட்டினால் வண்டி இன்னும் வேகமாகப் போகுமா என்று கேட்கும்போது, போகும்தான் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த இரட்டைச் சடை கண் முன்னால் வந்து நிற்க, ஒன்றும் சொல்லாமல் நகர்ந்துவிடுகிறேன்.

எழுதி முடித்தது: புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை.