சீர்காழி முழம்

குந்தவை என்கிற பெயரை ஞானாம்பாள் முதன்முதலாகக் கேட்டது வலங்கைமான் பேருந்து நிலையத்தில். தம்பி குணசேகரனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த சமயம். சீர்காழியில் வாக்கப்பட்ட ரெங்கம்மாள் அத்தை, அதாவது அப்பாவுடைய சித்தப்பா மகள், பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சொல்லிக்கொண்டு இறங்கினாள்.

“பொண்ணு பேரு குந்தவை. அவ அம்மா சன்னதித் தெருவுல பூக்கடை வச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணுதான், பொண்ணு நெட்டை. மாப்பிள்ளை அண்ணாந்துதான் பாக்கணும்.”

“பாக்கட்டும் அத்தை. எந்நேரமும் குனிஞ்சு போனைப் பாத்துக்கிட்டிருக்கான். கழுத்துக்கு நல்லதுதான்.”

அப்படித் தம்பி பெண்டாட்டியாக வந்தவள்தான் குந்தவை. ஞானாம்பாள் உள்ளூரிலேயே வாக்கப்பட்டவள்; ஆள் குள்ளம், ஆனால் விரால் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ரப்பர் தவளையைத் தாமரை இலை மேல் எறிந்து, தத்தித் தத்தி இழுத்தாளென்றால் விரால் பாயாமல் போகாது. ஒருநாள் அவளுடைய தூண்டில் ராடு ஆட்டோக் கம்பியில் மாட்டி முறிந்தது. நூலும் பசையும் வைத்து அதைச் சரிசெய்து கொடுத்தவள் குந்தவை. அன்று பிடித்த ஆசை. போனில் பார்த்துப் பார்த்து, புதிதாகவே ஒரு ராடு கட்டிவிடுவது என்று இறங்கிவிட்டாள்.

தஞ்சாவூரில் தூண்டில் கடை வைத்திருக்கும் அஸார், வலங்கைமான் பக்கம் ஒரு குளத்தில் விரால் போட்டி நடத்துவதாக இருந்தார். ராடு கட்ட கார்பன் குச்சி கேட்டு வந்த குந்தவையிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“இருக்கிறது இது ஒண்ணுதாம்மா. அடுத்தது வர நாளாகும். இதைக் கட்டி, போட்டியில பெரிய மீனை இழுத்து, ரீல் ஆடாம நின்னுச்சுன்னா நீங்க கட்டுற ராடை என் கடையில வைக்கிறேன்.”

குந்தவைக்குத் தூக்கம் போயிற்று.

நூல் சுற்றுகிற ரீலின் காலை வைத்துத் திருகி இறுக்குகிற குழாய்க்கு ரீல் சீட் என்று பெயர். குழாயின் துளை பெரிது, குச்சியோ ஒல்லி. அதனால் குச்சியில் காகித டேப்பைப் பட்டை பட்டையாகச் சுற்றி, பசை தடவி, குழாயைத் திருகித் திருகி ஏற்ற வேண்டும். பசை இறுகிவிட்டால் பிறகு அசைக்க முடியாது. அசைத்தால் குச்சிதான் பிளக்கும்.

“அடியிலேர்ந்து எவ்வளவு தள்ளி வைக்கட்டும் அண்ணி?”

“ஒரு முழம் வச்சிரு” என்றாள் ஞானாம்பாள், அடுப்பைப் பார்த்தபடி.

குந்தவை அளந்தாள், டேப் சுற்றினாள், இரண்டு டியூப் பசையையும் கலந்து பிசைந்தாள். சித்திரை வெயிலில் பசைக் கிண்ணம் கையில் சுட்டது. சாக்பீஸ் கோட்டுக்கு நேராகக் குழாயை ஏற்றி, வழிந்த பசையைத் துடைத்துவிட்டு, “புடிச்சுப் பாருங்க அண்ணி” என்று நீட்டினாள்.

ஞானாம்பாள் ஆசையாகப் பிடித்தாள். குச்சியின் அடிமுனை முழங்கையைத் தாண்டி ஒரு சாண் பின்னால் போய் விலாவில் குத்தியது.

“அடியே, யார் கையால அளந்த?”

“என் கையாலதான். முழம்னா முழம்தானே.”

“விரல் நுனி வரைக்குமா?”

“பூவுக்கு அப்படித்தானே அளப்போம்.”

இருவருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. ராடுக்கு, பிடிக்கிற உள்ளங்கை வரைக்கும்தான் அளவு. அதுவும் பிடிக்கிறவளின் கை.

“பூக்காரி மவளே, தாராளமாத்தான் குடுத்திருக்க. இழு, இறுகறதுக்குள்ள இழு.”

ஞானாம்பாள் குச்சியைத் தொடை இடுக்கில் இறுக்கிப் பிடித்தாள். குந்தவை குழாயைத் திருகினாள். வரவில்லை. பசை அதற்குள் ஜவ்வாகிவிட்டது. புடவை முந்தானையைச் சுற்றிப் பிடித்து மறுபடி திருகினாள்.

“பதறாதடி. குச்சி ஒடிஞ்சா அஸாருக்கு என்ன சொல்லுவ?”

“நீங்கதான் முழம்னு சொன்னீங்கன்னு சொல்லுவேன். ஆடாம புடிங்க அண்ணி.”

மளுக்கென்று ஒரு சத்தம். இரண்டு பேரும் குச்சியைத் தடவிப் பார்த்தார்கள். முறிந்தது குச்சி இல்லை, பசைதான் விட்டுக்கொடுத்தது. குழாய் கையோடு வந்துவிட்டது.

ஸ்பிரிட்டால் துடைத்து, டேப்பை உரித்து, ஞானாம்பாளின் கையை நீட்டச் சொல்லி அவள் முழங்கையிலிருந்து உள்ளங்கை வரை அளந்து, டியூப்பில் மிச்சமிருந்த பசையைப் பிதுக்கிப் பிதுக்கி மறுபடி ஏற்றினாள். இம்முறை ஞானாம்பாள் பிடித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். அடுத்தடுத்த நாட்களில் நூல் போகும் வளையங்களைக் கட்டி முடித்தாள் குந்தவை.

போட்டியன்று ஞானாம்பாள் எறிந்த தவளையைத் தாமரைக்கு அடியிலிருந்து ஒரு விரால் வாரிக்கொண்டு போனது. ராடு வளைந்து நுனி தண்ணீரைத் தொட்டது. கரையில் நின்ற குந்தவை மீனைப் பார்க்கவேயில்லை. அவள் கண் முழுக்க ரீல் சீட்டின் மேல். அது இம்மியும் நகரவில்லை. மீன் கரையேறியதும் அஸார் ராடை வாங்கி, குழாயை இரண்டு கையாலும் முறுக்கிப் பார்த்தார். பல்லைக் கடித்து இன்னொரு தரம் முறுக்கினார்.

“எத்தனை ராடு கட்டித் தருவீங்க?” என்றார்.

குந்தவை இப்போது வலங்கைமானில்தான் இருக்கிறாள். கடைத்தெருவில் மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, தூண்டில் ராடு கட்டுகிறாள்.