மாமனார் வாட்சுக்கு ஆபரேஷன்

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிய கைகளை மார்புக்கு நேரே உயர்த்திப் பிடித்தபடி, கதவை இடுப்பால் தள்ளிக்கொண்டு வருகிறார் சிஸ்டர். சாப்பாட்டு மேசை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கப்பட்டு, மேலே பச்சைத் துணி விரித்திருக்கிறது. நடுவில் ஒரு பழைய கைக்கடிகாரம் வயிறு திறந்து கிடக்கிறது.

“லைட்” என்கிறார். கணவர் மேசை விளக்கைத் திருப்புகிறார்.

இருபத்திரண்டு வருஷமாக ஆபரேஷன் தியேட்டரில் டாக்டர்கள் கேட்கக் கேட்கக் கத்தியும் கத்தரியும் எடுத்துக் கொடுப்பவர் அவர். தன் கையால் எதையும் அறுத்ததில்லை. அந்தக் குறை ஞாயிற்றுக்கிழமைகளில் தீர்கிறது. முதலில் தன் வாட்சுக்கு நிறம் மாற்றினார், பிறகு தம்பியுடையதற்கு. இப்போது தெருவில் யாரும் அவர் எதிரே மணிக்கட்டை நீட்டிப் பேசுவதில்லை.

எடுத்துக் கொடுக்கும் வேலை கணவருடையது. அலுவலகத்தில் எட்டுப் பேரை அதட்டும் சூப்பரின்டெண்ட். இங்கே இடுக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “என்ன, தூங்கறீங்களா? பிடிக்கிற பக்கம் என் கைக்கு வரணும்” என்று வாங்கிக் கட்டிக்கொள்கிறார். பெரிய டாக்டரிடம் கேட்ட வசவுகளை ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்திருக்கிறார் சிஸ்டர். பதற்றத்தில் கணவரே ஒருமுறை “சரி சிஸ்டர்” என்றுவிட்டார்.

போன ஞாயிறு அந்த மேசையில் கிடந்தது மாமனாரின் வாட்ச். நாற்பது வருஷமாகக் கட்டிய, சாவி கொடுக்கிற வாட்ச். டயல் பழுத்து, எண்கள் மங்கிவிட்டன, அவர் பார்வையும்தான். “ஏம்மா, மணி என்ன?” என்று நாளுக்கு இருபது தடவை கேட்பார். கேட்டுவிட்டுக் கூச்சப்படுவார்.

“பெரிய எண்ணாப் போட்டுத் தர்றேன் மாமா.”

“ஓடிக்கிட்டு இருக்கறதை எதுக்கும்மா அறுக்கணும்?”

மூன்று வாரம் பிடி கொடுக்காமல் இருந்துவிட்டு, ஒருநாள் கழற்றிக் கொடுத்தார். சிஸ்டர் ஒரு தாளை நீட்டினார். கணவர்தான் அப்பாவுக்குப் படித்துக் காட்டினார்: “சிகிச்சையின்போது எது நேர்ந்தாலும் எனக்குச் சம்மதம்.”

“எது நேர்ந்தாலும்னா?”

“அது வழக்கமா எழுதறதுதான் மாமா.”

கையெழுத்துப் போட்டுவிட்டு, அன்று முழுக்க வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார் பெரியவர்.

பழைய டயலைச் சுரண்டிக் கருநீல நகப்பூச்சு பூசியதில், அது பாலாடைபோலச் சுருங்கியது. “நோயாளி ஒத்துழைக்கலை” என்று சுரண்டி எறிந்துவிட்டு, எனாமல் பெயிண்ட் பூசி, தூசி படாமல் கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்து மூடி இரண்டு நாள் காயவிட்டார். ஊசி நுனியால் வெள்ளையில் பன்னிரண்டு, மூன்று, ஆறு, ஒன்பது. வினாடி முள்ளுக்கு மட்டும் சிவப்பு.

ஞாயிறு முள் பொருத்தும் நாள். பெரிய முள்ளும் சின்ன முள்ளும் சமத்தாக உட்கார்ந்துவிட்டன. வினாடி முள்ளை இடுக்கியில் எடுத்ததும் ‘டிக்’ என்றது. இடுக்கி மட்டும் கையில் இருந்தது.

“யாரும் அசையாதீங்க!”

தியேட்டரில் கருவிகளின் எண்ணிக்கை சரியாக வராமல் தையல் போட மாட்டார்கள். சிஸ்டர் தன் பட்டியலைப் பார்த்தார். திருகாணி நான்கு, இருந்தது. முள் மூன்று; இரண்டுதான் இருந்தது. மறுபடி எண்ணினார். இரண்டுதான்.

கணவர் டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து மேசைக்கடியில் தவழ்ந்தார். வாசல் மணி அடித்தது. “எமர்ஜென்சி! நாளைக்கு வாங்க” என்று உள்ளிருந்தே திருப்பி அனுப்பினார் சிஸ்டர். கூடத்தில் பெரியவர் இரண்டு காலையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டு கேட்டார்:

“பொழைக்குமாம்மா?”

தியேட்டர் வாசலில் ஆயிரம் பேர் சிஸ்டரிடம் கேட்ட கேள்வி அது. “டாக்டர் வந்து சொல்வார்” என்று நழுவிவிடுவார். இங்கே டாக்டரும் அவரேதான்.

முக்கால் மணி நேரம் கழித்து, வியர்க்க விறுவிறுக்க எழுந்தார் கணவர். “இத்தனூண்டு முள்ளுக்காக ஒரு மனுஷனை…”

சிஸ்டர் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தார். “வாயை மூடுங்க.”

“நான் என்ன தப்பா…”

“மூடுங்க. மூச்சு விடாதீங்க.”

மூக்குக்கடியில் நீண்ட இடுக்கி, நரைத்த மீசைக்குள்ளிருந்து சிவப்பு முள்ளைப் பத்திரமாக வெளியே எடுத்தது.

வெயில் சாய்வதற்குள் எண்ணிக்கை சரிபார்த்து மூடியாயிற்று. பெரியவர் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “என் வாட்ச் மாதிரியே இல்லையே” என்றார். சிஸ்டர் கணவரைப் பார்த்தார். கணவர் கூரையைப் பார்த்தார்.

பெரியவர் அதைக் கிட்டே கொண்டுவந்தார், எட்டப் பிடித்தார். “நாலு அடிக்கப் பத்து நிமிஷம்” என்று முணுமுணுத்தார். பிறகு வீடே அதிர, “டேய், நாலு அடிக்கப் பத்து! சரியா?”

“சரிதான்ப்பா.”

ஊசி போட்டுக்கொள்ள வந்தவரைப்போலச் சட்டைக் கையை மடித்துவிட்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார். சிஸ்டர் வாரைக் கட்டிக் கொக்கியை மாட்டினார். கையை விடவில்லை. இரண்டு விரலை அவர் நாடியில் வைத்து, ஓடும் சிவப்பு முள்ளைப் பார்த்தபடி, உதடு அசைய எண்ணத் தொடங்கினார்.