நீலப் பந்தலில் ஒரு மஞ்சள் முகம்

எனக்குக் காது குத்துகிற நாளில், ஊசியைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து சேரும் என்று யார் கண்டது!

கரிக்கலாம்பாக்கத்து வீட்டு வாசலில் அப்பா நீலத் தார்ப்பாயில் பந்தல் போட்டிருந்தார். ஆசாரி ஊசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். மாமாவோ கல்யாண போட்டோ எடுப்பவர். கேமராவைக் கீழே வைத்தால்தானே மடி? அதுவரை காது பத்திரம் என்று அவர் பின்னாலேயே திரிந்தேன்.

கேமராத் திரையில் விழுந்த முதல் படத்தில் சொந்தபந்தம் முழுக்க நீலம் பாரித்திருந்தது. மாமா லென்ஸின் முன்னால் தேன் நிறத்தில் ஒரு வட்டக் கண்ணாடியைத் திருகினார். ஃபில்டராம். தார்ப்பாயின் நீலத்தை எடுத்துவிடுமாம். அப்பாவின் வேட்டி வெள்ளையாக விழுந்தால் எல்லா நிறமும் சரி என்பது அவர் கணக்கு. அடுத்த படத்தில் வேட்டி பளிச்சென்று வெள்ளை. எல்லார் முகமும் சரி. அம்மா முகம் மட்டும் மஞ்சள். தினமும் மஞ்சள் பூசிக் குளிப்பவள்தான். ஆனால் கண்ணின் வெள்ளையும் அல்லவா மஞ்சளாக இருந்தது!

எதிர்வீட்டு அக்காவை மஞ்சள்காமாலை கொண்டுபோனது அந்த வருஷ மழைக்காலத்தில்தான். கடைசியில் அவள் கண் இருந்த நிறம் எனக்குத் தெரியும். மாமாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

“மாமா, அம்மா கண்ணு இன்னா இப்படி இருக்குது? செத்துப்பூடுமா?”

மாமா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்தார்.

“சீ, பைத்தியம்! எல்லாம் இந்தக் கண்ணாடி பண்ற வேலடி. வெச்சிக்கோ.”

அப்பாடா, போன உயிர் வந்தது. மாமா அப்பாவின் காதில் என்னவோ சொல்லிவிட்டு, அம்மாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார். மாமன் இல்லாமல் காதுகுத்து ஏது? ஆசாரி ஊசியைத் துணியில் மடித்து வைத்தார். எனக்கு ஒரே கொண்டாட்டம்.

அம்மா பிழைத்தாள், என்னைத் திட்ட இன்றும் ஆள் இருக்கிறது. அன்று அது யாருக்கும் தெரியாது.

கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன். ஆசாரி மஞ்சள், தெருவில் போன மாடும் மஞ்சள். மாமா சொன்னது நிஜம்தான். அப்பா மட்டும் பந்தக்காலைப் பிடித்தபடி கண் கலங்கி நின்றார். ஐயோ பாவம், அவருக்கு விஷயம் தெரியாதே என்று ஓடினேன்.

“இதுல பாருப்பா! நீகூட மஞ்சதான்.”

அப்பா வாங்கி என்னைப் பார்த்தார். பார்த்ததும் என்னைக் கட்டிக்கொண்டு ஏன் அப்படி அழுதார் என்று எனக்குப் புரியவே இல்லை.