மரகதம் ஊதிய தலை

1. ஈரத் தலை

அன்று திங்கட்கிழமை. திருத்தணி முடிக்காணிக்கை மண்டபத்தில் காலை முறை எனக்கு. கத்தியில் புது அரை பிளேடு மாட்டிக்கொண்டிருந்தபோது அடுத்த ஆள் டோக்கனை நீட்டிவிட்டு எதிரே பலகையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். தண்ணீர் சொட்டியது. அடர்த்தியான சுருட்டை முடி. முகத்தைப் பார்க்காமலே எனக்கு அது யார் என்று தெரிந்துவிட்டது. அந்த முடிக்குச் சோப்பு போட்டு நிற்க வைத்து வந்தவனே நான்தான்.

“கோபி சார்!” என்றேன்.

அவர் நிமிர்ந்தார். “அட, முனிரத்தினம்! நம்ம ஆளு கையாலயே ஆவட்டும்னு முருகனே அனுப்பிச்சிருக்கான் பாரு. போடு மொட்டை.” மறுபடி குனிந்துகொண்டார்.

மறுநாள் அந்தத் தலைக்கு ஷூட்டிங் இருந்தது.

2. முடிதான் ஹீரோ

இப்போது தொழிலுக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியாது. தொண்ணூறுகளின் நடுவில், தனியார் சானல்கள் வரத் தொடங்கிய சமயத்தில் நடந்தது.

அதற்கும் வெகுகாலம் முன்பு ‘ஒற்றைக் கதவு பங்களா’ என்று மூன்று பாகமாகக் கறுப்பு வெள்ளைப் படங்கள் வந்தன. பேய்ப் படங்கள்தான். ஆனால் பயந்தவர்களைவிட சிரித்துப் புரையேறியவர்கள்தான் அதிகம். மரகதம் என்கிற பேய் கதவின் ஒரு பக்கத்தை மட்டும் திறந்துகொண்டு எட்டிப் பார்க்கும். பார்த்ததும் காமெடியன் தலைமுடி செங்குத்தாக எழுந்து நிற்கும். ஜனங்கள் காத்திருந்து கைதட்டியது அதற்குத்தான்.

அந்தப் படங்களில் உதவி டைரக்டராக இருந்தவர் வரதன் சார். அதையே டிவியில் வாரம் ஒரு நாள், அரை மணி நேரத் தொடராக எடுக்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. ஒரு சானல் சரி என்றது. திருவாலங்காடு சாலையில் வாடகைக்கு ஒரு பழைய பங்களா கிடைத்தது. காமெடியன் வேடத்துக்கு நாடகத்தில் இருந்து கோபி சாரைக் கூட்டி வந்தார். நடிப்புக்குப் பாதி, சுருட்டை முடிக்குப் பாதி. “இந்த சீரியலுக்கு முடிதான்யா ஹீரோ. கோபி அதைத் தூக்கிட்டு வர்ற ஆளு,” என்பார் வரதன் சார்.

மேனேஜர் தாஸ் ஆள் தேடிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார்.

“ஏம்பா, முடிய நிக்க வெக்கத் தெரியுமா?”

“எனக்கு எடுக்கத்தாங்க தெரியும்,” என்றேன்.

“எடுக்கத் தெரிஞ்சவனுக்கு நிக்க வெக்கத் தெரியாதா? வா.”

மறுத்துப் பேசினால் இன்னும் நாலு வார்த்தை பேச வேண்டியிருக்கும். அதனால் போனேன். நான் அப்படிப்பட்டவன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியதற்குக்கூட, ஆறாவதில் எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொல்வார்கள் என்று கேள்விப்பட்டது ஒரு காரணம். என் கல்யாண போட்டோவில் அக்கா புருஷன், எங்கள் பாவாவின் தோளுக்குப் பின்னால் என் காது மட்டும் தெரியும்.

முதல் நாள் கெட்டியான சர்க்கரைத் தண்ணீர் தடவினேன். முடி கம்பி மாதிரி நின்றது. வரதன் சார் “ஆக்‌ஷன்” என்றார். கோபி சார் நடிக்கத் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் பங்களாவில் இருந்த எறும்பு முழுக்க அவர் தலைக்கு ஏறிவிட்டது. “ஐயோ, அம்மா, முருகா” என்று ஒரு குதி குதித்து, நாற்காலியைத் தாண்டி, ஜன்னல் திரையைப் பிடித்துத் தொங்கினார்.

“கட்! பிரமாதம்! எங்கய்யா கத்துக்கிட்டே இந்த நடிப்பை?” என்று கத்தினார் வரதன் சார்.

மறுநாள் முதல் சோப்புக்கு மாறிக்கொண்டேன்.

பேயாக நடித்தது ராஜம்மா அக்கா. ஆர்.கே.பேட்டைப் பக்கம். கூத்திலும் நாடகத்திலும் பேர் வாங்கியவர். தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் ஓடும். யூனிட்டில் ஆம்பளை எல்லோரையும் தெலுங்கில் அத்தான் முறை வைத்து “பாவா” என்றுதான் கூப்பிடுவார். மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் காது சூடாகும். அது தெரிந்ததால் என்னைத்தான் அதிகம் கூப்பிடுவார்.

முதல் எபிசோட் ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பானது. கடைசிக் காட்சியில் மரகதத்தின் கை கோபி சாரின் தலைக்கு மேலே வருகிறது. முடி மொத்தமும் எழுந்து நிற்கிறது. குளோசப். அப்படியே நிறுத்தி, ‘தொடரும்’. அடுத்த வாரம் அந்த இடத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

சானல்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். இரண்டாவது எபிசோட் டேப் வியாழக்கிழமை சாயங்காலத்துக்குள் சென்னைக்கு வந்து சேர வேண்டும். வராவிட்டால் அந்த நேரம் பாத்திரம் விற்கிற நிகழ்ச்சிக்குப் போய்விடும். வரதன் சாரின் பங்களாக் கதவு அதோடு மூடிவிடும்.

3. எழுப்பக் கூடாது

இதெல்லாம் தெரிந்துதான் கத்தியோடு உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் மண்டபத்தில் ஒரு பழக்கம் உண்டு. தலையை நனைத்துக்கொண்டு பலகையில் உட்கார்ந்தவரை எழுப்பி அனுப்பக் கூடாது. வேண்டுதல் அவருக்கும் முருகனுக்கும் நடுவில் இருப்பது. நடுவில் நாங்கள் யார்?

இருந்தாலும் மெதுவாகச் சொன்னேன். “சார், நாளைக்கு ஷூட்டிங்கு.”

“ஆங், தெரியும்.”

“முடி வேணும் சார்.”

“விக்கு கீதில்ல? நாடகத்துல தினம் ஒண்ணு மாட்டிகினு ஆடுறவன்பா நான். மொத எபிசோடு டிவில வந்தா மொட்டைன்னு வேண்டிகினேன். வந்துச்சா இல்லியா?”

“வந்துச்சு சார்.”

“அப்புறம் இன்னா? போடு.”

பின்னால் வரிசையில் நின்ற பெரியவர் குரல் கொடுத்தார். “ஏம்பா, தலை காஞ்சிடப் போவுது. இன்னா பேச்சு பேசிகினு கீற?” என் வாழ்க்கையிலேயே அதிகம் பேசுகிறேன் என்று என்னைத் திட்டியவர் அவர் ஒருவர்தான்.

“அரோகரா” சொல்லிக் கத்தியை வைத்தேன். அந்த அருமையான சுருட்டை முடி கொத்துக் கொத்தாக விழுந்தது. விழுந்த முடி சாமிக்குச் சொந்தம். அதில் ஒரு இழைகூட எடுத்து வர முடியாது.

4. தொப்பி

எனக்கு முன்னாலேயே பங்களாவுக்குச் செய்தி போய்விட்டது. நான் உள்ளே நுழைந்தபோது வரதன் சார் கொதித்துக்கொண்டிருந்தார்.

“எவன்டா இவனுக்கு மொட்டை போட்டது?”

கோபி சார் சந்தனம் பூசிய தலையோடு சந்தோஷமாக என்னைக் கை காட்டினார். “நம்ம முனிரத்தினம்தான் சார். ஒரு கீறல் இல்ல பாருங்க!”

“கண்டினியூட்டி என்னய்யா ஆவுறது? போன வாரம் முடி நிக்குது. இந்த வாரம் மண்டை பளபளக்குது! பாக்கறவன் என்னை என்ன கேப்பான்?” என்று கத்தியவர், கோபத்தில் தான் எப்போதும் போட்டிருக்கும் வெள்ளைத் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

உள்ளே மொட்டை. காது ஓரத்தில் சந்தனம் இன்னும் காயவில்லை.

ராஜம்மா அக்காதான் கேட்டார். “ஏமி சார், நீங்க எப்போ?”

“காலைல... வேண்டுதல்மா.” குரல் இறங்கிவிட்டது. உடனே மறுபடி ஏறியது. “என் தலை கேமராவுல வராதும்மா!”

மேனேஜர் தாஸ் தலையில் கட்டியிருந்த துண்டை மெதுவாக அவிழ்த்தார். மொட்டை. கேமராமேன் தூணுக்குப் பின்னால் இருந்து வெளியே வந்தார். அவரும் மொட்டை. எல்லோருக்கும் ஒரே வேண்டுதல். வெளியே சொன்னால் பலிக்காது என்று ஒருவருக்கொருவர் மறைத்து, தனித்தனியாக மலைக்குப் போய் வந்திருக்கிறார்கள்.

ராஜம்மா அக்கா தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “பேய் பங்களாவா இது? பழனி ஆண்டவர் மடம் மாதிரி கீதே!”

5. விக் உட்கார்ந்தது

செவ்வாய்க்கிழமை முதல் ரயிலில் தாஸ் சென்னைக்குப் போய் ஒரு விக் கொண்டு வந்தார். சோப்பு போட்டேன். முடி நன்றாகவே நின்றது. பிரச்சினை விக்குக்குக் கீழே இருந்தது. புது மொட்டை, வியர்வை, சந்தனம். கோபி சார் பயந்து துள்ளினார். அவர் மேலே போனார், விக் இருந்த இடத்திலேயே இருந்தது. இறங்கி வந்தபோது அது பின்பக்கம் முன்பக்கமாகத் திரும்பி அவர் மூக்குவரை உட்கார்ந்துகொண்டது.

“பேய் எங்க? பேய் எங்க?” என்று கையை நீட்டித் துழாவினார்.

எல்லோரும் சிரித்தோம். வரதன் சார் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார். பசை போட்டார்கள், நாடா கட்டினார்கள். புதன்கிழமை மத்தியானம்வரை ஒரு ஷாட்கூட தேறவில்லை. வரதன் சார் வாசற்படியில் போய் உட்கார்ந்துவிட்டார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை. “விடுங்கப்பா, பாத்திரமே விக்கட்டும்,” என்றார்.

ராஜம்மா அக்கா பேய் வேஷத்தோடு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். “சார், நான் இன்னாத்துக்கு கீறேன்? பேய் ஒரு ஊது ஊதுச்சு, நின்ன முடி மொத்தமும் கொட்டிப் பூட்ச்சு. அப்படி வெச்சுக்கோங்க. மொட்டைய ஏன் மறைக்கணும்? காட்டிடலாம்.”

வரதன் சார் நிமிர்ந்தார். “ஊதறதைக் காட்டணுமே. நின்ன முடி பறக்கறதைக் காட்டணும். அதுக்கு நிஜ முடி வேணும். சுருட்டை முடி.”

சுற்றிப் பார்த்தார்கள். மொட்டை, மொட்டை, மொட்டை. அன்று அந்தப் பங்களாவில் தலையில் முடி இருந்த ஆம்பளை நான் ஒருவன்தான். அதுவும் சுருட்டை.

நான் பின்பக்கக் கதவை நோக்கி நகர்ந்தேன். ராஜம்மா அக்கா கதவில் கை வைத்து நின்றார்.

“எங்க பாவா போற?”

“எனக்கு கேமரான்னா வராதுக்கா.”

“கேமராவுக்கு உன் மூஞ்சி வேணாம். முதுகுதான். முதுகுக்குக்கூடவா வெக்கம்?”

வாசலில் வரதன் சார் எழுந்து நின்றிருந்தார். அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுத்திருப்பேன்.

6. ஒரே டேக்

என் தலைக்கு நானே சோப்பு போட்டேன். கோபி சார் இடத்தில் கேமராவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். எதிரே மரகதம் கன்னத்தை உப்பிக்கொண்டு குனிந்தது. அந்த முகத்தை அவ்வளவு கிட்டத்தில் பார்த்த பயத்துக்குச் சோப்பே தேவைப்பட்டிருக்காது. அந்த ஷாட் ஓகே.

பிறகு வரதன் சார் கண்ணாடி பிடிக்க, என் தலையை நானே மழித்தேன். “முருகனுக்குக் குடுக்காம இங்க எடுக்கறேனே,” என்றேன். “அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன் பாவா, நமக்குத் தெரிஞ்சவர்தான்,” என்றார் அக்கா.

என் முடியை கோபி சார் மொட்டையில் குவித்து, நிற்கிற மாதிரி விரலால் தூக்கி வைத்தேன். பக்கத்தில் பெடஸ்டல் ஃபேன். மரகதம் ஊதும்போது ஸ்விட்ச் போட வேண்டும். பறந்த முடியைத் திரும்பப் பொறுக்க முடியாது. அதனால் ஒரே டேக்.

“ஆக்‌ஷன்!”

மரகதம் ஊதியது. ஃபேன் சுற்றியது. முடி பறந்தது. நாங்கள் நினைத்த பக்கம் மட்டும் பறக்கவில்லை. கேமராமேன் மூக்கில், வரதன் சார் டீயில், மரகதத்தின் திறந்த வாயில், எல்லா இடத்திலும் என் முடி. மரகதம் தும்மியது. ஒன்று, இரண்டு, விடாமல் தும்மல். பேய் தும்முவதைப் பார்த்துக் கோபி சாருக்கு வசனம் மறந்துவிட்டது. மொட்டையைத் தடவிப் பார்த்தார். கேமராவைத் திரும்பிப் பார்த்தார்.

“குளுகுளுன்னு கீது,” என்றார். “இன்னொரு தபா ஊதும்மா.”

மரகதத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பேய்ச் சிரிப்பு இல்லை, ராஜம்மா அக்காவின் சொந்தச் சிரிப்பு. எல்லாம் கெட்டது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். “கட்” என்ற சத்தம் வரவே இல்லை. கண்ணைத் திறந்தால் வரதன் சார் துண்டை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, ‘ஓடட்டும், ஓடட்டும்’ என்று கையாட்டிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை தாஸ் டேப்பை மடியில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினார். சாயங்காலம் பங்களாவுக்குப் பக்கத்து டீக்கடை எஸ்.டி.டி. போனைச் சுற்றி நாலு மொட்டையும் ஒரு ராஜம்மா அக்காவும் நின்றோம். எந்த ஊர் யாத்திரை என்று டீக்கடைக்காரர் கேட்டார். போன் அடித்தது. வரதன் சார் எடுத்தார். காதில் வைத்தார்.

“இன்னா சார் சொல்றாங்க?” என்றார் கோபி சார்.

வரதன் சார் ரிசீவரை எங்கள் பக்கம் நீட்டினார். உள்ளே ஒரு அறை முழுக்க ஆட்கள் சிரிக்கிற சத்தம். கொஞ்ச நேரம் கழித்து சானல் அதிகாரியின் குரல் வந்தது. “சார், இருக்கீங்களா? அடுத்த வாரம் யார் தலைய ஊதப் போறீங்க?”

7. ஊதுங்க

தொடர் ஓடியது. மரகதம் வாரம் ஒருவரை ஊதியது. பண்ணையாரை ஊதியது, மந்திரவாதியை ஊதியது, கடைசியில் போலீஸ்காரரையும் ஊதியது. மொட்டை போட நான் இருந்தேன். பிறகு முடிந்தது. எல்லோரும் சென்னைக்குப் போனார்கள். நான் என் பலகைக்கு வந்தேன்.

ஒரு நாள் ஒரு சின்னக் குழந்தையை அப்பா மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கத்தியைப் பார்த்ததும் மண்டபம் இடிகிற மாதிரி அழுகை. அம்மா சமாதானம் சொன்னார். “அழாதடா கண்ணு, மரகதம் ஊதற மாதிரிதான். வலிக்காது.” அழுகை நின்றது. குழந்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

“ஊது,” என்றது.

வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். என் காது சூடானது. ஓட இடமில்லை. பலகையில் உட்கார்ந்தவரை எழுப்பவும் கூடாது. கன்னத்தை உப்பி, அந்த ஈரத் தலையில் ஊதினேன். குழந்தை கெக்கெக்கே என்று சிரித்தது. அடுத்த பலகையில் இருந்த குழந்தை தன் அப்பாவை உதறிவிட்டு என் பக்கம் கை நீட்டியது.

அதற்குப் பிறகு பல வருடம் என் வரிசைதான் மண்டபத்தில் நீளம். இப்போதும் எனக்குப் பேச்சு வராது. ஊதுவது வரும். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். அழுகிற தலை ஓரளவு ஒரே பக்கம்தான் ஆடும், பிடித்துக்கொள்ளலாம். சிரிக்கிற தலை எந்தப் பக்கம் ஆடும் என்று சொல்ல முடியாது. அதனால் ஊதிய உடனே கத்தியை வைக்காதீர்கள். வரிசை நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, முழுக்கச் சிரித்து முடிக்கட்டும்.