சந்தன மாலை போட்ட என் படம்

பள்ளி மாணவர் பரிமாற்றத்தில் ஜெர்மனிக்குப் போய் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படித்தேன். அந்த வீட்டம்மா என்னைப் பெற்ற பிள்ளையாகவே வைத்துக்கொண்டார். கிளம்பும் அன்று, என் அம்மா ஸ்ரீவில்லிபுத்தூர் கோயில் கடையில் வாங்கித் தந்திருந்த சந்தன மாலையை அவர் கழுத்தில் போட்டேன். அழுதுவிட்டார்.

நான் ராஜபாளையம் திரும்பிய அடுத்த வாரம் அவர் வீடியோ காலில் வந்தார். "இங்க பாரு" என்று போனைத் திருப்பினார். சுவரில் என் போட்டோ. அதற்கு அந்தச் சந்தன மாலை. கீழே ஒரு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது.

பக்கத்திலிருந்த அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "ஏட்டி, உசுரோட இருக்க பிள்ளைக்கு மாலை போட்டு வச்சிருக்காவளே! கழட்டச் சொல்லுட்டி!"

சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர், "நீ இல்லாம வீடே வெறிச்சுன்னு இருக்கு. சாயங்காலம் இதை ஏத்தி வச்சு உன்கிட்ட பேசுறேன்" என்றார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "அழகா இருக்கு" என்றேன். இன்றுவரை அந்த மாலை அங்கேதான் தொங்குகிறது.

அம்மா அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. விடியுமுன் வந்து என் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறாள். நான் தூங்குவதுபோலக் கிடந்து, மூச்சைக் கொஞ்சம் பலமாகவே விடுகிறேன்.