குட்டையில் மூழ்கிய முதல் படகு

என் வீட்டுக்காரர் நிட்டிங் மெஷின் ஃபிட்டர். ஒரு மழை நாளில் வேலை முடிந்து வரும்போது வண்டி சறுக்கி விழுந்தார். வலது காலில் தகடு வைத்தார்கள். நான்கு மாதம் கட்டிலே கதி. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் காலைப் பார்த்தார்கள், பிறகுதான் முகத்தைப் பார்த்தார்கள். "மடக்க முடியுதுங்களா? இனி நின்னு வேல செய்ய முடியுங்களா?" என்று ஒரே கேள்வி. போகப் போக, கதவு தட்டும் சத்தம் கேட்டாலே தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். வாக்கர் பிடித்து நடக்கப் பழகிய பிறகும் வாசலைத் தாண்டவில்லை.

செல்போன்தான் அவருக்குத் துணை. அதில் எந்நேரமும் ரிமோட்டில் ஓடும் குட்டிப் படகுகள். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும், வளையும், குதிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கஞ்சி கொடுக்கப் போனவள் நானும் குனிந்து பார்த்தேன். வீடியோவில் யாரோ ஒருவர் அந்தப் படகின் வரைபடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, இது பேட்டர்ன் தானுங்களே?" என்றேன்.

"எது?"

"இந்தப் படகுதானுங்க. அடிக்கு ரெண்டு பீஸு, பக்கத்துக்கு ரெண்டு, மேல ஒண்ணு, பின்னால ஒண்ணு. காலர் வெச்ச பனியனுக்கே இதவிட எச்சா வருமுங்க."

நான் வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியின் சாம்பிள் ரூமில், துணி வெட்டுவதற்கான அளவுத்தாள் வரையும் பேட்டர்ன் மாஸ்டர். இருபது வருடமாக அதே வேலை.

"துணி வெட்டறதும் மரம் வெட்டறதும் ஒண்ணா புள்ள?" என்று கேட்டார். ஆனால் போனை என் பக்கம் திருப்பிப் பிடித்தார்.

பேட்டர்ன் வரையும் பிளாட்டர் மெஷினில் அந்தப் படகின் பீஸ்களை ஒரு தாளில் வரைந்து எடுத்துக்கொள்ள மேனேஜரிடம் அனுமதி கேட்டேன். "படகா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுச் சரி என்றார். மெல்லிய பிளைவுட் வாங்கி வந்து, தாளை ஒட்டி, சின்ன ரம்பத்தால் இரண்டு நாள் அறுத்தேன். பீஸ்களைக் கட்டிலில் அடுக்கிப் பார்த்தோம். எதுவும் எதோடும் சேரவில்லை. அவர் ஸ்கேல் கேட்டு வாங்கி அளந்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மிணி, சுத்தி அரை இஞ்சு எதுக்கு விட்ட?"

"தையலுக்குங்க" என்று சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. கை பழக்கத்தில் எல்லாப் பக்கமும் தையலுக்கு விட்டிருக்கிறேன்!

சிரித்தார். கால் வலிக்க வலிக்க, வேண்டாம் புள்ள, சிரிக்க வைக்காத என்று தொடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விபத்துக்குப் பிறகு அந்தச் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். நானும் சிரித்தேன். சமையலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டும் வந்தேன்.

அதன் பிறகு அவரும் கை வைத்தார். அந்த அரை இஞ்சை அறுத்துத் தள்ளிவிட்டு, ஓரங்களில் துளை போட்டுச் செம்புக் கம்பியால் பீஸ்களைக் கட்டி, உள்ளே பசை பூசி, காய்ந்ததும் கம்பியை உருவினோம். மோட்டார், ரிமோட், அதன் சிக்னலை வாங்கும் ரிசீவர், பேட்டரி எல்லாம் கூரியரில் வந்தன. கட்டிலில் சாய்ந்தபடியே அவர் ஒயர்களை ஈயத்தால் பற்றவைத்தார். தண்ணீர் இறங்காமல் இருக்க மரத்தின் மேலே பசை பூசி ஒட்ட, வீட்டில் கிடந்த பனியன் துணி போதாதா என்று கேட்டார். அது இழுத்த இழுப்புக்குப் போகும், நெய்த துணிதான் நிற்கும் என்றேன். அந்த ஒரு விஷயத்தில் நான் சொன்னதே நடந்தது.

என்னோடு வேலை செய்யும் பெண்ணின் மாமனாருக்குக் காங்கேயம் பக்கம் தென்னந்தோப்பு. அங்கே பிளாஸ்டிக் தாள் விரித்த பண்ணைக்குட்டை ஒன்று உண்டு. அங்கே போய் ஓட்டலாம் என்றதும் வீட்டுக்காரர் முகம் மாறிவிட்டது.

"நீ போய் ஓட்டிப் பாத்துட்டு வா."

"எனக்கு எந்த ஒயரு எங்கன்னே தெரியாதுங்க. நீங்க வரலைன்னா அது அலமாரி மேலதான் கிடக்கும்."

மறுநாள் காலையில் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டோ பிடித்துப் போனோம்.

தோப்புக்காரர் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார். வாக்கரை ஒரு பார்வை பார்த்து, நிழலில் ஒரு நாற்காலியைப் போட்டார். காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "எத்தன வெசையா போகுமுங்க?" என்றார். அவ்வளவுதான், இவர் பேச ஆரம்பித்துவிட்டார்.

படகு சீறிக்கொண்டு போனது. இரண்டு சுற்று வந்தது. மூன்றாவது சுற்றில் வேகம் குறைந்து, பின்பக்கம் தாழ்ந்து, நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்க மூழ்கிவிட்டது. விசிறியைச் சுழற்றும் கம்பி போகும் குழாயில் கிரீஸ் வைக்கவில்லை. அந்த வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கிறது. மிதப்பதற்கு உள்ளே தெர்மகோலும் அடைக்கவில்லை. நான் செருப்பைக் கழற்றினேன்.

"எறங்காதீங்க அம்மிணி, அந்தத் தாளு வழுக்குமுங்க" என்று தோப்புக்காரர் தடுத்தார். "நாளான்னைக்குப் பாச்சறதா இருந்தேன். இன்னைக்கே மரத்துக்குப் பாச்சிப்போடறேன். தண்ணி வத்துனா தானா வெளிய வந்துட்டுப் போகுது."

எங்களுக்காகக் குட்டைத் தண்ணீரை இறைக்கும் மோட்டாரைப் போட்டார். மாலை வரை உட்கார்ந்திருந்தும் தண்ணீர் ஒரு சாண்தான் இறங்கியிருந்தது. அதற்குள் இவரும் தோப்புக்காரரும் மோட்டார், மரம், மழை என்று ஓயாமல் பேசியிருந்தார்கள். இளநீர் வெட்டிக் கொடுத்து வழியனுப்பினார்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. "உங்க கப்பல் மூக்க வெளிய நீட்டிருச்சுங்க. கொக்கி போட்டு இழுத்து வெச்சுட்டனுங்க."

பேட்டரியும் ரிசீவரும் போய்விட்டன. மரத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த முறை குழாய் நிறைய கிரீஸ் வைத்தார். புது ரிசீவரை ஒரு பலூனுக்குள் நுழைத்து வாயைக் கட்டினார். மூக்குப் பகுதியில் நான் தெர்மகோல் அடைத்தேன். குட்டை மறுபடி நிரம்பியதும் போனோம். அன்று படகு பேட்டரி தீரும் தறுவாய் வரை ஓடியது. தோப்புக்காரர் கரையோரமாக அதன் கூடவே நடந்தார். பாதியில் இவர் ரிமோட்டை என் கையில் வைத்தார்.

"எனக்கு வேண்டாமுங்க."

"வெட்டுனது நீதான? புடி."

பிடித்தேன். நேராகக் கரையில் கொண்டுபோய் மோதினேன். மூக்கில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல். அவர் திட்டவில்லை. "ஞாயித்துக்கெழம ஒட்டிக்கலாம்" என்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் ஈரப் படகை மடியில் வைத்துக்கொண்டார். பேன்ட் முழுக்க நனைந்தது. சிக்னலில் நின்றபோது ஆட்டோக்காரர் திரும்பி, "எங்கீங்க வாங்குனீங்க?" என்று கேட்டார்.

"வாங்கலீங்க. நானும் என்ற ஊட்டுக்காரியும் செஞ்சது" என்றார் அவர்.